கன்றுக்குட்டிக்கு மூட்டு வீக்கமா? தொப்புளைப் பாருங்கள்!



1824-ஆம் ஆண்டு முதல் மத்திகிரியில் கால்நடைப் பண்ணை இருக்கிற பூமி நம் ஓசூர்ப் பக்கம். இன்றைக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கிறவர் வீட்டிலும் ஒரு கலப்பினப் பசு நிற்கிறது. அது ஈன்ற கன்று, பத்து நாளில் மூட்டு வீங்கி எழ முடியாமல் கிடந்தால் என்ன செய்வீர்கள்? "தாய் மிதிச்சிருக்கும், சூடு போட்டாச் சரியாயிடும்" என்று இருந்துவிடாதீர்கள்.

அடிபட்ட வீக்கம் பெரும்பாலும் ஒரே காலில் இருக்கும், காய்ச்சல் இருக்காது, கன்று பால் குடிக்கும். கிருமியால் வந்த வீக்கம் இரண்டு மூன்று மூட்டுகளிலும் வரலாம். தொட்டால் சுடும். கன்று காலை ஊன்றாது, பாலும் குடிக்காது. தொப்புள் தடித்துச் சீழ் கட்டியிருக்கும். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே கிருமி இருக்கலாம்.

ஈன்றவுடன் தொப்புள்கொடி திறந்த வாசல் மாதிரி. சாணமும் மூத்திரமும் கலந்த தரையில் பட்டால் கிருமி அதன் வழியே இரத்தத்தில் ஏறி மூட்டில் தங்குகிறது. எலும்பு முனையில் வழுவழுப்பாக இருக்கும் குருத்தெலும்பைச் சீழ் அரிக்கிறது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. அதனால் அரித்துப் போனது பழையபடி வளராது, கன்று நொண்டியாகிவிடும். ஆகவே, நாளைக் கடத்தக் கூடாது.

கால்நடை மருத்துவர் ஊசியால் மூட்டு நீரை எடுத்துப் பார்ப்பார். நல்ல நீர் தெளிவாய், பிசுபிசுப்பாய் இருக்கும், கலங்கியிருந்தால் கிருமிதான். தேவைப்பட்டால் மூட்டைக் கழுவி மருந்து போடுவார். வீக்கம் வடிந்ததே என்று ஊசியைப் பாதியில் நிறுத்தாதீர்கள். நீங்களாக வீக்கத்தைக் கீறவும் வேண்டாம். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

வராமல் தடுப்பது சுலபம். ஈனும் இடத்தில் காய்ந்த வைக்கோல் பரப்புங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொடியை வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுக் கட்டி, கொதிநீரில் போட்டெடுத்த கத்தரியால் வெட்டுங்கள். டிங்சர் அயோடினில் முக்குங்கள். மூன்று நாள் தொடர்ந்து தடவுங்கள்.

இன்னொன்று சீம்பால். நஞ்சு விழட்டும் என்று காத்திருக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு, அதை விட்டுவிடுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் வயிற்றுக்குள் போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது கொடுங்கள். அதுதான் அதற்கு நோய் எதிர்ப்புச் சக்தி. அதற்குப் பிறகு மீதியைத் திரட்டுப்பால் காய்ச்சிக்கொள்ளலாம்!