ராஸ் மீனுக்கு மணல் மெத்தை, வலை மூடி

கடலில்லாத திண்டுக்கல்லிலும் வீட்டுத் தொட்டியில் கடல்மீன் வளர்க்கலாம். ஆனால், ராஸ் மீன் விலை கூடியது, அவசரப்பட்டால் நஷ்டம்தான்.

பல ராஸ் இனங்கள் இரவில் மணலுக்குள் புதைந்து உறங்கும். தொட்டியின் அடியில் 5 செ.மீ. உயரத்துக்குப் பொடிமணல் பரப்புங்கள். மிரண்டால் துள்ளி வெளியே விழும் என்பதால், வலை மூடி கட்டாயம்.

மீன் பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு அரை மணி நேரம், தொட்டிநீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, மீனை மட்டும் விடுங்கள். ஓரிரு நாள் தலைகாட்டாவிட்டாலும் மணலைத் தோண்டாதீர்கள்.

ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக, உப்பு சேர்க்காத ஆர்.ஓ. நீரையே ஊற்றுங்கள், போர்வெல் தண்ணீர் வேண்டாம்.

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை எடுப்பது சட்டப்படி குற்றம். யார் விற்றாலும் வாங்காதீர்கள். தொட்டியிலிருந்து மாற்றும் உப்புநீரைத் தோட்டத்தில் கொட்டினால் மண் உவராகும், கவனம்!