முதலைக் கண்ணீர்

தேர்தல் சமயத்தில் ஏழைகளுக்காக உருகும் பிரமுகரைக் கண்டால், "எல்லாம் முதலைக் கண்ணீர்!" என்கிறோம். இந்தச் சொற்றொடரை நம் வீட்டுப் பழஞ்சொத்தென்று பலர் எண்ணக்கூடும். உண்மையில் அது கப்பலேறி, ஆங்கிலத்தின் வழியாக வந்த சரக்கு.

14-ஆம் நூற்றாண்டில் ஸர் ஜான் மாண்டெவில் என்பவர் பெயரால் ஐரோப்பாவில் ஒரு யாத்திரை நூல் உலவிற்று. முதலைகள் மனிதரைக் கொன்று, அழுதுகொண்டே தின்னும் என்று அது கூறியது. பின்னர் ஷேக்ஸ்பியரும் தம் நாடகங்களில் அக்கண்ணீரைக் கையாண்டார்.

இதில் உண்மை ஏதேனும் உண்டா? 2007-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், முதலைக்கு நெருங்கிய உறவான 7 பிராணிகளுக்குத் தரையில் இரை போட்டுக் கவனித்தார்கள். 5 பிராணிகளின் கண்கள் கசிந்தன! காரணம் துக்கமன்று. தின்னும்போது சீறும் மூச்சுக் காற்றே கண்ணீரை வெளியே தள்ளுகிறது என்று ஊகிக்கிறார்கள். ஆகவே, முதலை கண்ணீர் விடுவது மெய். பாசாங்கு செய்கிறது என்பதுதான் பொய்.

நம் பாட்டிமார் இதே கருத்தை, "ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்" என்று அழகாகச் சொல்லிவந்தார்கள். வந்த விருந்தாளியை விரட்ட வேண்டாம். ஆனால், அவனுக்கு இடங்கொடுப்பதற்காக வீட்டுப் பாட்டியைத் திண்ணைக்கு அனுப்பிவிடலாமா?