குவாண்டம் இயற்பியலில் சமச்சீர்மையும் குலக் கோட்பாடும்

குவாண்டம் இயற்பியலில் சமச்சீர்மை என்பது, ஓர் அமைப்பின்மேல் ஒரு மாற்றத்தைச் செய்த பின்னரும் அதனை ஆளும் விதிகள் மாறாதிருக்கும் பண்பைக் குறிக்கும். அத்தகைய மாற்றங்கள் யாவும் சேர்ந்து, கணிதத்தில் குலம் எனப்படும் அமைப்பாகின்றன. ஓர் அணுவின் ஆற்றல் மட்டம் எத்தனையாகப் பிரியும், எந்த அளவு காலத்தால் மாறாதிருக்கும், இதுவரை காணப்படாத துகள் ஒன்று இருந்தாக வேண்டுமா என்பன போன்ற கேள்விகளுக்கு, சமன்பாடுகளை முழுவதும் தீர்க்காமலேயே விடை காண்பதற்குக் குலக் கோட்பாடு பயன்படுகிறது.

சமச்சீர்மையும் குலமும்

எடுத்துக்காட்டாக, ஒரு சமபக்க முக்கோணத்தை 120 பாகை அல்லது 240 பாகை சுழற்றினாலும், அதன் மூன்று அச்சுகளில் எதைப் பற்றிப் பிரதிபலித்தாலும், அதன் தோற்றம் மாறுவதில்லை. 'ஒன்றும் செய்யாமல் விடுதல்' என்பதையும் சேர்த்தால் மொத்தம் 6 செயல்கள். இவற்றில் எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் கிடைப்பது அந்த ஆறில் ஒன்றே (அடைவுப் பண்பு). செயல்கள் சேர்ப்பு விதிக்கு உட்படுகின்றன. ஒன்றும் செய்யாமை முற்றொருமை உறுப்பாகும். ஒவ்வொரு செயலுக்கும் அதனை நீக்கும் நேர்மாறு உண்டு. இந்நான்கு பண்புகளும் உடைய கணமே குலம் எனப்படுகிறது. சுழற்றிப் பிரதிபலிப்பதும், பிரதிபலித்துச் சுழற்றுவதும் பொதுவாக ஒரே விளைவைத் தருவதில்லை. அதாவது இக்குலம் பரிமாற்றுக் குலம் அன்று.

மாறா விதிகள்

தொடர்ச்சியான ஒவ்வொரு சமச்சீர்மைக்கும் ஈடாக ஒரு மாறா விதி உண்டு என்பதை எம்மி நோய்தர் 1918இல் வெளியிட்டார். விதிகள் இடத்துக்கு இடம் மாறாதிருப்பதால் உந்தமும், காலத்தால் மாறாதிருப்பதால் ஆற்றலும், திசையால் மாறாதிருப்பதால் கோண உந்தமும் மாறாமல் காக்கப்படுகின்றன. குவாண்டம் இயக்கவியலிலும் இத்தொடர்பு நீடிக்கிறது.

ஆற்றல் மட்டங்கள்

ஒரு சமச்சீர்மைச் செயல் ஓர் அமைப்பின் ஆற்றலை மாற்றாது. எனவே ஒரு குவாண்டம் நிலையின்மேல் அச்செயலைச் செய்தால் கிடைக்கும் புதிய நிலைக்கும் அதே ஆற்றலே இருக்கும். இவ்வாறு ஒன்று மற்றொன்றாக மாறும் சம ஆற்றல் நிலைகளின் தொகுதியே குலத்தின் ஓர் உருவகிப்பு ஆகும். முப்பரிமாணச் சுழற்சிக் குலத்தின் சிறுமப் பிரிக்கவியலா உருவகிப்புகள், தற்சுழற்சியை நீக்கிப் பார்த்தால், 1, 3, 5, 7 என்னும் பரிமாணங்கள் கொண்டவை. வேதியியலில் எஸ், பி, டி, எஃப் எனப்படும் ஆர்பிட்டால்களின் எண்ணிக்கை இதுவே.

அணுவைக் காந்தப் புலத்தில் வைத்தால், புலத்தின் அச்சைச் சுற்றிய சுழற்சிகள் மட்டுமே சமச்சீர்மைகளாக எஞ்சுகின்றன. இச்சிறிய குலம் பரிமாற்றுக் குலமாகையால், அதன் பிரிக்கவியலா உருவகிப்புகள் யாவும் ஒரு பரிமாணம் உடையவை. நிலைகளை ஒரே ஆற்றலில் பிணைத்துவைக்க இனி எதுவும் இல்லை. ஆகவே மட்டம் பிரிகிறது. பீட்டர் சீமன் 1896இல் கண்ட சீமன் விளைவின் அடிப்படை இதுவாகும்.

யூஜின் விக்னர், எர்மான் வெய்ல் ஆகியோர் 1920களின் இறுதியில் இம்முறையை வளர்த்தனர். அன்றைய இயற்பியலாளர் சிலர் இப்புதிய கணிதத்தைக் 'குலக் கொள்ளைநோய்' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லால் எள்ளினர். விக்னருக்கு 1963இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தற்சுழற்சி

எலக்ட்ரான், நியூட்ரான் போன்ற துகள்களின் நிலையை 360 பாகை சுழற்றினால் அதன் குறி எதிராகிறது. 720 பாகை சுழற்றினால்தான் தொடக்க நிலை மீள்கிறது. இதனை விளக்கும் குலம் எஸ்.யு.(2) ஆகும். நியூட்ரான் கற்றைகளைக் கொண்டு 1975இல் நடத்தப்பட்ட குறுக்கீட்டுச் சோதனைகள் இக்குறிமாற்றத்தை உறுதிசெய்தன.

ஒமேகா துகளின் முன்கணிப்பு

1950களில் புதிய துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறியப்பட்டன. அவற்றிடையே ஒழுங்கு ஏதும் தென்படவில்லை. 1961இல் முர்ரே கெல்-மான், யுவால் நேமான் ஆகிய இருவரும் தனித்தனியே, எஸ்.யு.(3) என்னும் குலத்தின் உருவகிப்புகளில் அத்துகள்கள் பொருந்துவதைக் கண்டனர். புரோட்டான், நியூட்ரான் முதலிய எட்டுத் துகள்கள் ஒரு குடும்பமாயின. புத்தரின் எண்வகை மார்க்கத்தை நினைவூட்டும் பெயரைக் கெல்-மான் இம்முறைக்குச் சூட்டினார்.

மற்றொரு குடும்பத்தில் பத்து இடங்கள் இருந்தன. 1962இல் அறியப்பட்டவையோ ஒன்பது. அவை ஏறத்தாழ 1232, 1385, 1530 மெகா எலக்ட்ரான் வோல்ட் நிறைகளில் முறையே 4, 3, 2 துகள்களாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு படிக்கும் சுமார் 150 கூடுவதால், உச்சியில் தனித்து நிற்கும் பத்தாவது துகளின் நிறை சுமார் 1680 ஆகவும், மின்னூட்டம் எதிர் ஒன்றாகவும் இருக்கவேண்டும் எனக் கெல்-மான் முன்கூறினார். துகள் இல்லையெனில் கோட்பாடு வீழ்ந்திருக்கும். 1964இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் அத்துகள் குமிழிக் கலப் படமொன்றில் அகப்பட்டது. அதன் நிறை 1672. அதே ஆண்டில் கெல்-மானும் ஜார்ஜ் சுவைக்கும் இவ்வொழுங்குக்குக் காரணமாகக் குவார்க்குகளை முன்மொழிந்தனர்.

சமச்சீர்மை மீறல்

சமச்சீர்மையை ஊகமாக மட்டும் ஏற்கலாகாது, சோதித்தே அறியவேண்டும். இயற்கை இடவலம் பாராட்டாது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மென்விசையில் இதற்குச் சான்றில்லை என 1956இல் லீ, யாங் இருவரும் சுட்டிக்காட்டினர். கோபால்ட்-60 அணுக்கருக்களைக் கொண்டு சியன்-சியுங் வூவின் குழு நடத்திய சோதனை, எலக்ட்ரான்கள் ஒரு திசையை நாடி வெளிப்படுவதைக் காட்டியது. ஆடி பிம்பச் சமச்சீர்மை மென்விசையில் மீறப்படுகிறது என்பது 1957இல் உறுதியாயிற்று. லீ, யாங் இருவரும் அவ்வாண்டே நோபல் பரிசு பெற்றனர். வூ அப்பரிசில் சேர்க்கப்படவில்லை.

அடிப்படைத் துகள்களின் சீர்மரபு ஒப்புருவும் எஸ்.யு.(3), எஸ்.யு.(2), யு(1) ஆகிய மூன்று குலங்களின்மேலேயே கட்டப்பட்டுள்ளது. இங்கு எஸ்.யு.(3) குவார்க்குகளின் 'நிறம்' என்னும் பண்பைச் சார்ந்தது. மேற்கூறிய துகள் குடும்பங்களை வகுத்த எஸ்.யு.(3) அன்று. கணிதக் குலம் ஒன்றாயினும் அது செயல்படும் இடம் வேறு.