நம் காலடியில் ஜிங்கோ

பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வாழும் தொல்லுயிர்ப் படிவத்துக்கு எடுத்துக்காட்டு ஜிங்கோ பைலோபா என்றதும், "டீச்சர், அந்த மரத்த நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள் ஒரு மாணவி. "இல்லம்மா, அது சீனாவுல இருக்கிற மரம். பேரை ஞாபகம் வச்சுக்கோ, போதும்" என்றேன். எங்கள் பள்ளி ஆவடியில் இருக்கிறது. என் பதில் எவ்வளவு குறையானது என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது.

ஆவடி, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மேல்மண்ணுக்கு அடியில் ஏடு ஏடாகப் பிரியும் களிப்பாறைகள் உள்ளன. 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியில், ஆழமற்ற கடலோரத்தில் படிந்த சேறு அது. அதில் விழுந்த இலைகள் கல்லில் அச்சாகப் பதிந்தன. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஒட்டோகர் ஃபைஸ்ட்மாண்டல் 1879இல் இப்படிவங்களை விவரித்தார். பெரும்பாலானவை சைகஸ் போன்ற தாவரங்களும் ஊசியிலை மரங்களும்தாம். அவற்றோடு ஜிங்கோ உறவினரின் இலையும் இருந்தது. இந்தியக் கோண்டுவானா தாவரப் படிவங்களை 1920இல் மறுஆய்வு செய்து வெளியிட்டவர்கள் சீவார்டும், அவருடைய மாணவரான பீர்பால் சாஹ்னியும். இந்தியத் தொல்தாவரவியலின் தந்தை என்று நாம் கற்பிக்கும் அதே சாஹ்னிதான்.

ஜிங்கோயேல்ஸ் துறையின் வரலாறு 25 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் பல கண்டங்களில் பல இனங்களாகப் பரவியிருந்தது. பூக்கும் தாவரங்கள் பெருகிய காலத்தில் படிப்படியாகச் சுருங்கி, இன்று ஒரே ஓர் இனமாக நிற்கிறது. அதன் இயற்கை வாழிடம் சீனா மட்டுமே. இந்த மரம் பழமையின் அடையாளங்களை இன்னும் சுமக்கிறது. பெரணிகளைப் போலவே இதன் ஆண் இனச்செல்லும் நீந்தக்கூடியது. 1896இல் ஜப்பானின் ஹிராசே இதைக் கண்டறிந்தார்.

வகுப்பில் இதைக் காட்ட மரம் வேண்டாம். மாவிலை, அரச இலை ஒவ்வொன்றைக் கொடுத்து நடுநரம்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஜிங்கோ இலையின் படத்தைக் காட்டுங்கள். விசிறி போன்ற அந்த இலையில் நடுநரம்பே இல்லை. ஒவ்வொரு நரம்பும் இரண்டிரண்டாகக் கிளைத்துக்கொண்டே போகும். படிவத்தில் ஜிங்கோவை அடையாளம் காண உதவுவதும் இந்த நரம்பமைப்புதான்.

இன்று எங்கள் பகுதியில் எங்கு பார்த்தாலும் அடுக்குமாடிக்கு அடித்தளம் தோண்டுகிறார்கள். வெளியே வரும் களிப்பாறையை லாரிகள் அள்ளிச் செல்கின்றன. அதில் என்ன பதிந்திருக்கிறது என்று கேட்க ஊரில் ஒருவராவது வேண்டும். அந்த ஒருவர் நம் மாணவராக இருக்கலாம். இப்போது யாராவது ஜிங்கோவைப் பற்றிக் கேட்டால், "அதோட சொந்தக்காரங்க ஒருகாலத்துல நம்ம ஊருலதான் இருந்தாங்க" என்றுதான் பாடத்தைத் தொடங்குகிறேன்.