இலக்குப் பயிற்சிக்கு ஒரு பழைய ராணுவ ரைபிள்

சைனியங்கள் புதிய ஆயுதங்களுக்கு மாறியபின் கிடங்குகளிலிருந்து கழித்துவிடப்பட்ட பழைய ரைபிள்கள், தனிமனிதர் அவற்றை வைத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுக்கும் ஐரோப்பிய நாடுகளில், காகித இலக்கை நோக்கிச் சுடும் பொறுமையான வித்தைக்குரிய சாதனங்களாக இன்றும் வாழ்ந்துவருகின்றன. 1890 முதல் இங்கிலாந்தின் பிஸ்லியில் கூடிவரும் ரைபிள் சங்கத்தாரிடையிலும், சுவிட்சர்லாந்தின் 300 மீட்டர் சுடுகளங்களிலும் இவற்றை நேசிப்பவர் பலர் உண்டு. புதிதாக அவர்களோடு சேர விரும்புகிறவர் முதலில் மனம் பறிகொடுப்பது துப்பாக்கியின் சரித்திரக் கீர்த்தியிலும், மெருகேறிய மரக்கட்டையின் அழகிலுமே. அந்தப் பிரியத்தில் பிழையில்லை. ஆயினும் குண்டை இலக்குக்குக் கொண்டுசெல்வது குழலின் உட்புறமேயாகையால், தேர்வும் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

குழலினுள் திருகுபோல் ஓடும் வரிகள் குண்டைச் சுழலச் செய்து அதன் பாதையை நிலைநிறுத்துகின்றன. குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரிகிற இடமாகிய குழல்வாய் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், பின்னால் உந்திவரும் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு குண்டைச் சாய்த்துவிடுகிறது. இந்தத் தேய்மானம் பல சமயங்களில் சுட்டதனால் வந்ததன்று. சிப்பாய்கள் கடமை தவறாமல் குழல்வாய் வழியே கோலையும் கயிற்றையும் விட்டுத் துடைத்துத் துடைத்து வந்தது. மற்றொரு சத்துரு உப்பு. பழைய ராணுவத் தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்தில் இருந்த பொட்டாசியம் குளோரேட், சுட்டபின் ஒருவகை உப்பாகக் குழலில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைப்பதில்லை, தண்ணீர்தான் கரைக்கும். இதை அறியாதவர் கையில் இருந்த ரைபிள், வெளியே எவ்வளவு பளபளத்தாலும், உள்ளே அம்மைத் தழும்பு கண்டதாக இருக்கலாம். ஆகையால் விளக்கொளியை ஒரு முனையில் காட்டி மறுமுனையிலிருந்து பார்க்காமல் எந்த ரைபிளையும் வாங்கலாகாது.

ஸ்வீடன் தேசத்தார் இந்தப் பரிசோதனையையே துப்பாக்கியின்மேல் எழுதிவைத்தார்கள். 1896-ஆம் ஆண்டு அவர்கள் ஏற்றுக்கொண்ட மௌசர் ரைபிள்களில் பலவற்றின் அடிக்கட்டையில் ஒரு பித்தளை வில்லை பதிந்திருக்கும். குழலின் உள்விட்டமும் அதன் நிலையும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பிற்காலத்தில் குழலை மாற்றியிருந்தால் வில்லை பொய்யாகிவிடும் என்பதால் அதை மட்டும் நம்பிவிடக்கூடாது. நெடிய குழலும், தோளில் மெல்ல உதைக்கும் 6.5 மில்லிமீட்டர் தோட்டாவும் சேர்ந்திருப்பதால், கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட இணக்கமான துணை அரிது என்பது என் அபிப்பிராயம். அதே தோட்டாவை வேட்டைக்காரர்கள் இன்றும் பயன்படுத்துவதால் அது புதிதாகவே கிடைப்பதும் ஒரு பெரிய அனுகூலம்.

சுவிட்சர்லாந்தின் கே-31 வேறொரு வகை அதிசயம். 1933-க்கும் 1958-க்கும் இடையே 5 லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட இந்த ரைபிளின் போல்ட்டை, அதாவது குழலின் பின்புறத்தை அடைக்கும் தாழை, தூக்கித் திருப்பவேண்டியதில்லை. நேராகப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் போதும். குடிமக்களே சிப்பாய்களாக இருந்த அந்நாட்டில் அவரவர் ரைபிள் அவரவர் வீட்டிலேயே இருந்தது. அடிக்கட்டையின் இரும்புத் தகட்டைக் கழற்றினால், அதை வைத்திருந்தவரின் பெயரும் படைப்பிரிவும் எழுதிய சிறு சீட்டு இன்றும் அகப்படுவதுண்டு. மரக்கட்டை அடிபட்டு நிறம் மங்கியிருக்கும். குழலோ கண்ணாடியாய்ப் பிரகாசிக்கும். மரத்தின் காயங்களைக் கண்டு இதை ஒதுக்குகிறவர் ஒரு சிறந்த குழலை இழக்கிறார்.

நம்மவருக்கு நன்கு பரிச்சயமானது, போலீஸார் தோளில் நெடுங்காலம் கண்ட த்ரீ-நாட்-த்ரீ, அதாவது லீ-என்ஃபீல்டு; வங்காளத்தின் ஈஷாப்பூர் தொழிற்சாலையிலும் அது செய்யப்பட்டது. பத்துத் தோட்டா கொள்ளும் அதன் மாகஸினும், வழுக்கிக்கொண்டு ஓடும் போல்ட்டும் விரைவுக்குப் பேர்போனவை. ஆனால் யுத்தகால அவசரத்தில் பிறந்த குழல்களின் உள்விட்டம் ஒன்றுபோல் இராது; குண்டு குழலுக்குச் சற்றுச் சிறுத்துவிட்டால் வரிகள் அதைப் பிடிக்கமாட்டா. அன்றியும் போல்ட்டின் பூட்டு பின்புறத்தில் இருப்பதால், சுடும் வேளையில் உலோகம் சிறிது நெகிழ்ந்துகொடுத்து, பித்தளைக் கூடு நீண்டுவிடுகிறது. கூட்டில் மீண்டும் மருந்திட்டுச் சுடும் சிக்கனக்காரர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், தோட்டா அறையில் அமர்ந்தபின் அதன் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே எஞ்சும் இடைவெளியை, துப்பாக்கி செப்பனிடும் தேர்ந்த கைவினைஞர் ஒருவர் அளவுக்கட்டைகளால் சோதித்துப் பார்த்தாகவேண்டும். அது மிகுந்திருந்தால் கூடு பிளந்து, கொதிக்கும் வாயு சுடுகிறவர் முகத்தை நோக்கியே பாயக்கூடும். லீ-என்ஃபீல்டின் நான்காம் மாதிரியில், 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகளில் பொருத்தமானதைப் பூட்டி இந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிடலாம். மற்றவற்றில் பரிகாரம் அவ்வளவு எளிதன்று. விலை எவ்வளவு மலிவாயினும், அத்தகைய ரைபிளை விற்றவரிடமே திருப்பிக்கொடுத்துவிட வேண்டும்.