கட்டி எங்கே போய் நிற்கிறது?

காலில் உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போகாமல் ஏன் நுரையீரலுக்குப் போகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அது போகும் பாதையிலேயே விடை இருக்கிறது. தொடைச் சிரையிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பும் கட்டிக்கு இதயம்வரை வழி அகன்றுகொண்டேதான் போகும். இதயத்தின் வலப்பக்க அறைகளைத் தாண்டி நுரையீரல் தமனிக்குள் நுழைந்த பிறகே குழாய் கிளைத்துச் சிறுக்கிறது. 1846-இல் பெர்லினில் ருடால்ஃப் விர்ஷோ, நாய்களின் கழுத்துச் சிரைக்குள் ரப்பர் துண்டுகளை விட்டு, அவை நுரையீரல் தமனிகளில் போய் அடைப்பதைக் காட்டினார். மூளைக்குப் போகவே போகாதா என்றால், அப்படியும் இல்லை. ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு இடையே பிறவித் துளை முழுதாக மூடாமல் இருக்கும். அபூர்வமாக அதன் வழியே கட்டி இடப்பக்கம் தாவிவிடும்.

நுரையீரலுக்குள் கட்டி பெரும்பாலும் கிளை பிரியும் கவைகளில் சிக்குகிறது. ரத்தம் அதிகம் பாயும் கீழ்மடல்களுக்கே அதிகம் போகிறது. நீளமான கட்டியாக இருந்தால் முதல் கவையிலேயே இருபுறமும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடும். குதிரைச் சேணத்தின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். விசித்திரம் என்னவென்றால், இவ்வளவு பெரிய கட்டி திசுவை அழுகவைப்பது குறைவு. மூச்சை இழுத்தால் குத்தும் வலியும் சளியில் ரத்தமும், நுனிக் கிளையை அடைக்கும் பொடிக் கட்டியால்தான் அதிகம் வருகின்றன. நுரையீரலுக்கு மகாதமனியிலிருந்து மூச்சுக்குழாய்த் தமனிகள் வழியாக இன்னொரு ரத்த வரவும் உண்டு. பெரிய குழாய் அடைபட்டால் இது கைகொடுக்கிறது. நுனி அடைபடும்போதோ, அந்தச் சிறு பரப்புக்குள் இதே ரத்தம் அழுத்தத்தோடு புகுந்து கசிந்து திசுவைக் கெடுக்கிறது என்பது பரவலான விளக்கம்.

அப்படியானால் பெரிய கட்டிக்குப் பயப்பட வேண்டாமா? வேண்டும், ஆனால் உயிர் போவது நுரையீரல் கெட்டு அல்ல. இதயத்தின் வலது கீழறைச் சுவர் மெல்லியது. இடது கீழறையின் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் பழகியது. எதிரே திடீரென்று அடைப்பு வந்தால் அது விரிந்து தளர்ந்துபோகிறது. அதனால்தான் மருத்துவர்கள் சி.டி. ஸ்கேனோடு நிற்காமல் எக்கோவும், இதயத்தசையின் பாதிப்பைக் காட்டும் டிரோபோனினும் பார்க்கிறார்கள். வீட்டார் "கட்டி எவ்வளவு பெரிசு?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். சிகிச்சையும் கட்டியின் இடத்தை மட்டும் பார்த்து முடிவாவதில்லை. கட்டியைக் கரைக்கும் மருந்து மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியது. ரத்த அழுத்தம் சரிந்தவர்களுக்கே முதன்மையாக அதைத் தருகிறார்கள். அழுத்தம் நிலையாக இருந்தால், சேணக் கட்டிக்குக்கூடப் பெரும்பாலும் ஹெப்பாரின் போன்ற மருந்தோடு தொடங்குகிறார்கள். அது கட்டியை மேலும் வளரவிடாமல் தடுக்கும். கரைப்பது உடலில் ஊறும் பிளாஸ்மின்.