பேட்டரியை மாற்றுவதற்கு முன்னால்

காலையில் சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றன. பானெட்டுக்குள் ‘டிக்டிக்டிக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் சுற்றவில்லை. வாட்ச்மேன் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்கள்: “பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க.” மதியத்துக்குள் புது பேட்டரி ஏறிவிடும், வண்டியும் ஓடும். பல வீடுகளில் இரண்டே மாதத்தில் அதே சத்தம் திரும்பக் கேட்கிறது. ஏனென்றால், பழைய பேட்டரியைக் கொன்ற கோளாறு வண்டிக்குள்ளேயே இருக்கிறது.

எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் தொட்டால் போதும்.

முதல் அளவை, வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு எடுக்க வேண்டும். பேட்டரிக்குள் ஆறு செல்கள். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஆகவே முழு சார்ஜில் 12.6 காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. வண்டியை ஓட்டி நிறுத்திய கையோடு பார்த்தால் இந்த எண் ஏமாற்றும். மேலோட்டமான சார்ஜ் கூட்டிக் காட்டும்.

இரண்டாவது அளவுக்கு ஒரு துணை வேண்டும். அவர் செல்ஃப் அடிக்கும்போது நீங்கள் மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. சும்மா இருக்கும்போது 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் அடித்ததும் 7-க்கு விழுகிற பேட்டரிக்குள் தகடுகள் போய்விட்டன. அதை மாற்றத்தான் வேண்டும். எண் அசையாமல் 12-க்கு மேலேயே நின்று, செல்ஃபும் சுற்றவில்லை என்றால், பேட்டரியைத் தொடாதீர்கள். கரண்ட் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை.

இங்கேதான் டெர்மினலைக் குனிந்து பார்க்க வேண்டும். ஈயத் தூணுக்கும் அதைக் கவ்வியிருக்கும் கிளாம்புக்கும் இடையே வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருக்கும். மீட்டரின் ஒரு முனையைத் தூணிலும் மறுமுனையை அதே தூணின் கிளாம்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல இணைப்பில் ஏறக்குறைய பூஜ்யம்தான் வரும். அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் அந்தப் பூப்பு கரண்டைத் தின்கிறது. கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் வேலை முடிந்தது. இன்ஜினுக்குப் போகும் எர்த் வயரையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது அளவு, இன்ஜின் ஓடும்போது. பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும். ஹெட்லைட்டும் ஏசியும் போட்ட பிறகும் 13-க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். புது மாடல்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே வேண்டுமென்று சார்ஜைக் குறைத்து ஏற்றும். அங்கே ஒரே அளவை வைத்து முடிவு கட்டக் கூடாது.

ஒர்க்‌ஷாப்பில் டைனமோ என்றே சொல்லப்படும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, சிலர் ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிடுவார்கள். தயவுசெய்து கையைப் பிடித்துத் தடுங்கள். திடீரென்று சுமை அற்றுப்போனால் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். பழைய அம்பாசிடர் அதைத் தாங்கியிருக்கலாம். இன்றைய கார்களின் இ.சி.யூ. ஒரு நொடியில் கருகிவிடக்கூடும், அதன் விலையோ பேட்டரியைவிடப் பல மடங்கு.

ஆல்டர்னேட்டர்தான் கோளாறு என்று தெரிந்தாலும் முழுதாக மாற்ற அவசரப்பட வேண்டாம். தளர்ந்த பெல்ட், தேய்ந்த கார்பன் பிரஷ், போன ரெகுலேட்டர், டயோடு என்று தனித்தனியாகச் சரிசெய்ய முடியும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

மூன்று அளவும் சரி, ஆனால் நான்கு நாள் நிறுத்தினால் வண்டி எடுக்கவில்லை என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது. பின்னால் பொருத்திய டேஷ்கேம், ஜி.பி.எஸ்., மியூசிக் சிஸ்டம், அணையாத டிக்கி விளக்கு ஆகியவைதான் முதலில் சந்தேகிக்க வேண்டியவை. மைனஸ் வயரைக் கழற்றி, 10 ஆம்பியர் அளவில் வைத்த மீட்டரை இடையில் இணைத்து, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருங்கள். உள்ளே உள்ள கம்ப்யூட்டர்கள் உறங்க அவ்வளவு நேரமாகும். அதன் பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 500 காட்டினால் ஒரு நாளில் 12 ஆம்பியர் அவர் போய்விடும். சிறிய கார்களின் 35 ஆம்பியர் அவர் பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்கு. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ, அந்த லைனில் குற்றவாளி இருக்கிறது. மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் மட்டும் அடித்துவிடாதீர்கள், மீட்டர் தாங்காது.

2020 ஊரடங்கில் வாரக்கணக்காக நின்ற கார்களின் பேட்டரிகள் சத்தமின்றிச் செத்தது நினைவிருக்கும். சார்ஜ் இறங்கியபடியே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும், பிறகு முழுதாக மீளாது. நம் வெயிலும் சேர்ந்து உள்ளே அரிப்பை வேகப்படுத்துகிறது. அதனால் மூன்று நான்கு வருடம் உழைத்த பேட்டரி நின்றுபோனால் அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஒரே வருடத்தில் நின்றால், வாரண்டி கார்டைத் தேடும்போதே சார்ஜிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜம்ப் ஸ்டார்ட் செய்து எடுத்த வண்டியைக் கால் மணி நேரம் ஐடிலிங்கில் விட்டால் பேட்டரி நிறைந்துவிடாது. முழுக்க இறங்கியதை ஆல்டர்னேட்டரை நம்பி நிரப்பினால் அதுவும் சூடாகிக் கெடும். கடையில் கொடுத்து மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். 35 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர் வீதம், ஓர் இரவு.